மை இருக்கு, பிரிண்டரும் நல்லா இருக்கு, ஆனா அடிக்குதில்ல. இதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையா?

களுதாவளை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில வீட்டோட ஒரு டியூஷன் வகுப்பு வெச்சு நடத்துறன். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகள் 23 பேர். கிழமைக்கு ரெண்டு மாதிரி வினாத்தாள் அடிக்கணும். கடையில போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டுப்படியாகாம, ரெண்டு வருசத்துக்கு முதல் டவுனில ஒரு கடையில டாங்கி வெச்ச கலர் பிரிண்டர் ஒண்டு 68,000 ரூபாய்க்கு எடுத்தன். சீட்டுக் காசு. அதால கொஞ்சம் நோகுது.

போன வியாழன் ராவு பதினோராம் பக்கம் அடிச்சுக் கொண்டிருக்கக்குள்ள நிண்டுட்டு. ரெண்டு சிவப்பு லைட்டும் மாறி மாறி மின்னுது. கொம்பியூட்டரில ஒரு பெட்டி வந்து, உள்ளுக்க இருக்கிற ஏதோ ஒரு பாகத்தின்ட ஆயுள் முடிஞ்சுதாம், சேவை நிலையத்துக்குக் கொண்டு போகட்டாம். மையெண்டா நாலு டாங்கியிலயும் முக்கால்வாசி நிக்குது. நிப்பாட்டி மூட்டினன், பிளக்கைக் கழட்டி ராவு முழுக்க விட்டன். விடிய எழும்பிப் போட்டா அதே லைட்டு.

எடுத்த கடைக்கு கோல் பண்ணினா, “மிஸ், வொறண்டி முடிஞ்சு. கொழும்புக்கு அனுப்பினா மூணு கிழமை, 14,000 மட்டில வரும். அதை விடப் புதுசு எடுங்களன்” எண்டார். பில்லை எடுத்துப் பார்த்தா “விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” எண்டு ஊதா சீல். பக்கத்து ஊர்ப் பொடியன் ஒருத்தர், 3,500 தந்தா இன்டர்நெட்டில இருந்து ஏதோ இறக்கி றீசெட் பண்ணித் தாறன், லப்டொப்பை ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போங்க எண்டு சொல்றார். லப்டொப்பிலதான் பிள்ளைகள்ட பேர், தாய் தகப்பன்ட போன் நம்பர், மார்க்ஸ் எல்லாம் கிடக்கு.

றீசெட் பண்றது களவு வேலையா? நுகர்வோர் சபைக்கு எழுதிப் போட்டா ஏதும் நடக்குமா? இல்லாட்டி பேசாம இன்னொரு சீட்டுக்குப் பேர் குடுக்கவா? மாதம் முடிய மாதிரிப் பரீட்சை வெச்சிருக்கன், கெதியா ஆரும் சொல்லுங்க.

நிந்தவூர் தம்பி:

மிஸ், அது பெரிய வருத்தம் இல்ல. அடியில மை உறிஞ்சிற பஞ்சு ஒண்டு இரிக்கி. அது நிறைஞ்சிட்டு எண்டு பிரிண்டர் நினைக்கி. எங்கட வீட்டுப் பிரிண்டருக்கும் வந்து, யூடியூப்பில பார்த்து நானே கழட்டிக் கழுவினன். றீசெட் சொப்ட்வெயார் இறக்கக்குள்ள மட்டும் கவனம். நான் முதல் இறக்கினதோட வைரஸ் ஒண்டு வந்து பைல் எல்லாத்தையும் பூட்டிட்டு. தங்கச்சிட கலியாணப் படம் முழுக்கப் போச்சு, உம்மா இன்னும் அதைச் சொல்லித்தான் ஏசுறா.

ஈயமுருக்கி அண்ணன் இந்தப் பக்கம் வருவார், அவர்ட்டக் கேளுங்க. அவரும் கொஞ்சம் ஏசுவார். ஆனா சொல்லித் தருவார்.

ஈயமுருக்கி:

ஏசுவார் எண்டு முன்னாலயே சொல்லிப் போட்டாய் மனே, இனி ஏசாட்டி மரியாதை இல்ல.

டீச்சர், முதல்ல அந்த லப்டொப்பை ஒருத்தருக்கும் குடுக்காதீங்க. றீசெட் எண்டது அஞ்சு நிமிச வேலை. அதுக்கு ரெண்டு நாள் என்னத்துக்கு? 23 பிள்ளைகள்ட தாய்மார்ர நம்பர் கிடக்கிற பெட்டியை முன்பின் தெரியாத ஆள்ட்ட விட்டுட்டு வாறதும், வீட்டுத் திறப்பைச் சந்தைக் கடையில குடுத்துட்டு வாறதும் ஒண்டுதான். நானும் திருத்திறவன்தான், என்ட தொழிலைப் பற்றித்தான் சொல்றன். போன் திருத்தக் குடுக்கக்குள்ளயும் லொக் நம்பரை எழுதிக் குடுத்துட்டு வாற ஆக்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். டிஸ்பிளே மாத்த லொக் நம்பர் தேவையில்ல. கூட இருந்து நீங்களே திறந்து காட்டுங்க.

இப்ப உங்கட பிரிண்டருக்கு நடந்ததைக் கேளுங்க. மை துப்புற தலையில தலைமயிரை விடச் சின்ன ஓட்டைகள் கிடக்கு. அது காஞ்சு அடைபடாம இருக்க, மெசின் அப்பப்ப கொஞ்ச மையை உறிஞ்சி வெளிய துப்பும். நீங்க ‘ஹெட் கிளீனிங்’ குடுக்கிற ஒவ்வொருதரமும் இன்னும் கூடத் துப்பும். துப்புற மை எங்க போகும்? அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுக்குள்ள கம்பளி மாதிரிப் பஞ்சு மூணு நாலு துண்டு. ஆச்சி வெத்திலை துப்புற படிக்கம்தான், வேற ஒண்டுமில்ல. களுதாவளைக்காரிக்கு வெத்திலையும் படிக்கமும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. படிக்கம் நிறைஞ்சா ஊத்திட்டுக் கழுவி வைப்பம். ஆச்சியை மாத்துவமா?

இதில கூத்து என்னெண்டா, மெசின் அந்தப் பஞ்சை ஒருநாளும் பார்க்கிறதில்ல. ஈரமா, காய்வா, பாரமா, ஒண்டும் அதுக்குத் தெரியா. எத்தனைதரம் எவ்வளவு துப்பினன் எண்டு கணக்கு மட்டும் வெச்சு, ஒரு சின்னச் சிப்பில எழுதிக் கொண்டே வருது. கம்பனி குறிச்ச இலக்கம் வந்த உடன நிண்டுரும். நான் கழட்டின படிக்கங்களில சிலது உண்மையிலயே காத்தான்குடித் தொதல் மாதிரிக் கறுத்து, கனத்து, கையில ஒட்டிச்சு. சிலதில அரைவாசிப் பஞ்சு வெள்ளையாவே கிடந்திச்சு.

எண்ணுறதை நான் குறை சொல்லல. எண்ணாம விட்டா மை வழிஞ்சு மேசையில நிக்கும். ஆனா பஞ்சைக் கழுவிப் போட்ட பிறகு, “சரி, மறுகா ஒண்டில இருந்து எண்ணு” எண்டு சொல்ல, அதுதான் றீசெட், வீட்டுக்காரிட கையில ஒரு பொத்தான் இல்ல பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வாறது. 68,000 குடுத்தது நீங்க, திறப்பு அவங்கட இடுப்பில.

நான் தொழில் பழகினது 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு. நவம்பர் 23 ராவு அடிச்சது. எனக்கு அப்ப பதின்மூணு வயசு. கூரை ஓடு ஒண்டும் மிச்சமில்லாத ரேடியோக் கடை முத்தத்தில முதலாளி பாய் விரிச்சு, ஊராக்கள்ட நனைஞ்ச ரேடியோக்களை வரிசையாக் காயப் போட்டிருந்தார். சேறு துடைக்க ஆள் தேவை எண்டு என்னைக் கூப்பிட்டார். பின்மூடியைக் கழட்டினா உள்பக்கம் ஒரு கடதாசி ஒட்டிக் கிடக்கும். முழுச் சேர்க்கிட் படம். எந்த வால்வு எங்க, எந்த முனையில எத்தனை வோல்ட், எல்லாம் அதில. வெள்ளத்தில மங்கிப் போன கடதாசிகளை முதலாளி வெயிலுக்கு நேர பிடிச்சுக் காட்ட, நான் பென்சிலால கொப்பியில வரைஞ்சன். நான் படிச்ச முதல் பாடப் புத்தகம் அந்தக் கொப்பி. எங்கயோ ஐரோப்பாவில அந்த ரேடியோவைச் செய்தவன், இது ஒருநாள் பழுதாகும், எந்த ஊரிலயோ ஆரோ ஒருத்தன் மூடியைக் கழட்டுவான், அவனுக்கு உதவட்டும் எண்டு நினைச்சு ஒட்டின கடதாசி.

இப்ப போனைத் திறந்தா உள்ளுக்க படம் இல்ல, பசை. பற்றரியைக் கழட்ட ஹீட்டரால சூடு காட்டி, நெம்பி, பயந்து பயந்து எடுக்கணும். நல்ல போன், பற்றரி மட்டும் செத்திரிக்கும். ஐரோப்பாவில இதுக்கு 2023இல சட்டம் போட்டுட்டாங்க. 2027 பெப்ரவரி 18இல இருந்து அங்க விக்கிற சாமான்களில, சில விதிவிலக்கு போக, பாவிக்கிற ஆளே பற்றரியைக் கழட்டி மாத்தக்கூடிய மாதிரி இருக்கணும். சார்ஜர் முனையும் அப்பிடித்தான், 2024 டிசம்பர் 28இல இருந்து புதுப் போன் எல்லாத்துக்கும் ஒரே முனை. அந்தச் சட்டம் வாறதைக் கண்டுதான் ஐபோன் 2023இலயே முனையை மாத்தினது. அது இங்க விக்கிற ஐபோனுக்கும் வந்து சேர்ந்திச்சு. நெல்லுக்கு இறைச்ச தண்ணியில நாம புல்லு.

சட்டம் கேட்டீங்க. நமக்கு இரிக்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். 1977 எண்ட இலக்கத்துக்கு கோல் பண்ணலாம், கச்சேரியிலயும் (மாவட்டச் செயலகம்) அவங்கட ஆக்கள் இருக்காங்க, தமிழில எழுதிக் குடுக்கலாம். ஆனா சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுக்கணும். உங்களுக்கு ரெண்டு வருசம் ஓடிட்டு. அதால இந்தப் பிரிண்டருக்காக அலையாதீங்க, பஸ் காசும் மனமும் மிச்சம். அடுத்ததரம் வாங்கக்குள்ள இதை மனசில வெச்சிருங்க. கேட்டா பில் குடுத்தே ஆகணும், அது அந்தச் சட்டத்திலயே கிடக்கு. ஊதா சீலைக் கண்டு பயப்படவும் வேணா. விக்கிற சாமான் விக்கத்தக்க தரத்தில இருக்கணும் எண்டு வெள்ளைக்காரன் 1896இலயே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் போட்டுட்டுப் போயிட்டான். ஒரு ரப்பர் சீலை அடிச்ச உடன கடைக்காரன்ட பொறுப்பெல்லாம் கழுவுப்படாது.

றீசெட் களவா எண்டு கேக்கிறீங்க. உங்கட படிக்கத்தை நீங்க கழுவிறதுக்குப் பேர் களவெண்டா, நான் நாப்பது வருசமாக் கள்ளன்.

செய்யிற விதம்: பிளக்கைக் கழட்டுங்க. மெசினைச் சரிக்க வேணா. அனேகமான டாங்கி மொடலில பின்பக்கமோ பக்கவாட்டிலயோ ஒரே ஒரு ஸ்க்ரூவோட ஒரு சின்ன மூடி இரிக்கும். அதைக் கழட்டினா தட்டு வெளிய வரும், ஒரு மெல்லிய டியூப் பிடிச்சிரிக்கும், அதை மெதுவா உருவுங்க. பஞ்சுத் துண்டு எது எங்க கிடந்த எண்டு கழட்ட முதல் போனில ஒரு படம் எடுங்க. கையுறை போடுங்க, இல்லாட்டி நாலு நாளைக்குப் பிள்ளைகள் உங்கட கையைப் பார்த்துச் சிரிக்கும். தண்ணி தெளியும்வரை அலசிப் பிழிஞ்சு, ரெண்டு நாள் வெயிலில போடுங்க. றீசெட்டுக்கு ஒரு வழி பார்ப்பம். மொடல் நம்பரை எழுதுங்க.

இன்னொண்டு. லீவு விட்டா மெசினை மூடி வெச்சுட்டு, தொடங்கக்குள்ள மூணு நாலுதரம் கிளீனிங் குடுப்பீங்க, என்ன? அதுதான் படிக்கத்தை நிறைக்கிறது. கிழமைக்கு ஒருக்கா கலரில ஒரு பக்கம் அடிச்சு விடுங்க, போதும்.

கல்லடிக் கடைக்காரன்:

அண்ணன் சொல்றதில பாதி சரி. மிச்சப் பாதியை நான் சொல்றன், ஏனெண்டா மேசைக்கு மற்றப் பக்கம் நிக்கிறவன் நான்.

போன வருசம் ஒருத்தர் பஞ்சு கழுவாம, வெறும் றீசெட் மட்டும் வெளிய ஆரிட்டயோ அடிச்சுப் பாவிச்சார். ரெண்டாம்தரமும் அடிச்சார். மூணாம் மாசம் மை அடியால வழிஞ்சு, கல்யாண அல்பம் ஓடருக்கு வெச்சிருந்த போட்டோப் பேப்பர் கட்டு முழுக்க நாசம். ஆரோட சண்டைக்கு வந்தார்? என்னோட. பிரிண்டர் வித்தவன் நான்தானே. கம்பனி பூட்டு வைக்காட்டி இப்பிடித்தான் நடக்கும். நாங்க றீசெட்டுக்குக் காசு எடுக்கிறதும் கொள்ளை இல்ல, நேர்மையான றீசெட் கீ (திறக்கிற இலக்கம்) ஒண்டு ஒன்லைனில டொலரில வாங்கணும், ஒரு மெசினுக்கு ஒருதரம்தான் வேலை செய்யும்.

மற்றது, முதல்நாள் பிரிண்டரைப் பூட்டக்குள்ள “ஒத்துக்கொள்கிறேன்” எண்டு எல்லாரும் அமுக்கித்தானே வெச்சீங்க? ஒத்துக்கொண்டுட்டு இப்ப சாவி எங்க எண்டா? கம்பனிட்டச் சாவி இருந்தா நன்மையும் இருக்கு. களவு போன போனைத் தூரத்தில இருந்தே பூட்டலாம். 2018இல அரசாங்கம் பேஸ்புக்கைப் பூட்டினபடியாத்தானே முஸ்லிம் ஆக்களுக்கு எதிரான கலவரம் அடங்கினது?

டீச்சர், உங்கட மாதிரி டாங்கி மொடல் சிலது இப்ப வாறதில படிக்கத்தைத் தனிப் பெட்டியா வெச்சிருக்காங்க. நிறைஞ்சா வெளிய இழுத்துட்டுப் புதுசு போட்டாச் சரி, கடைக்கும் வரத் தேவையில்ல. அடுத்தமுறை எடுக்கக்குள்ள அதைக் கேட்டு எடுங்க.

ஈயமுருக்கி:

தனிப் பெட்டி விசயம் நல்ல விசயம் தம்பி, அதைச் சொன்னதுக்கு நன்றி. கம்பனிக்கு மனமிருந்தா செய்யலாம் எண்டதுக்கு அதுதான் சாட்சி. மை வழிஞ்ச ஆள் உங்களோட சண்டைக்கு வந்ததும் பிழைதான், கழுவாம றீசெட் அடிக்கிறவனுக்கு நானும் பொறுப்பில்ல.

“ஒத்துக்கொள்கிறேன்” பொத்தானுக்கு வாறன். அந்தப் பொத்தானுக்கு மேல கிடந்ததை நீங்க வாசிச்சீங்களா? விக்கிற உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சு அதைக் கடைசிமட்டும் வாசிச்ச ஒரு மனிசனையும் நான் காணல, அதைத் தமிழில போட்ட பிரிண்டரையும் காணல. பெட்டியை உடைச்சு, காசு கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில வெச்ச பிறகு, “வேணாம்” எண்டு அமுக்கினா மெசின் வேலை செய்யாது எண்டு சொல்றதுக்குப் பேர் ஒப்பந்தமா? வண்டில் மாட்டை வித்துட்டு, வயலில பூட்டுற நேரம் பார்த்து நிபந்தனை சொல்ற மாதிரி.

தூரத்தில இருந்து பூட்டுற சாவி ஆர்ர கையில எண்டதுதான் என்ட கேள்வி. களவு போன என்ட போனை நான் பூட்டினா எனக்குச் சந்தோசம். 2009 ஜூலையில நடந்தது வேற. அமேசன் கம்பனி, தன்ட கிண்டில் எண்ட மின்நூல் கருவியில காசுக்கு வித்த ஜோர்ஜ் ஓர்வெல்ர ரெண்டு நாவலை, உரிமை இல்லாத ஆள் வித்துட்டார் எண்டு, வாங்கின சனத்துட கருவிக்குள்ள புகுந்து அழிச்சுட்டு. காசைத் திருப்பிக் குடுத்ததுதான். ஆனா ஒரு அமெரிக்கப் பாடசாலைப் பொடியன் பாடத்துக்காக எழுதி வெச்ச குறிப்பெல்லாம் பிரயோசனமில்லாமப் போச்சு, அவன் வழக்குப் போட்டான். டீச்சர் நினைச்சுப் பாருங்க, புத்தகக் கடைக்காரன் ராவோட ராவா உங்கட வீட்டு அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துட்டு, மேசையில காசை வெச்சுட்டுப் போறான். பொலிசில சொல்லுவீங்களா, இல்ல “ஒத்துக்கொள்கிறேன்” எண்டு சொல்லுவீங்களா?

இந்தச் சண்டையே ஒரு பிரிண்டரில இருந்து தொடங்கினதெண்டு ஆருக்கும் தெரியுமா? 1980 மட்டில அமெரிக்காவில எம்.ஐ.டி. பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெரொக்ஸ் லேசர் பிரிண்டர் ஒண்டு வருது. அங்க வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், முந்தி இருந்த பிரிண்டரில கடதாசி சிக்கினா எல்லாருக்கும் செய்தி போற மாதிரி சொப்ட்வெயாரை மாத்தி வெச்சிருந்தவர். பிரிண்டர் வேற மாடியில, ஏறிப்போய்ப் பார்த்தா மணிக்கணக்கா சிக்கி நிக்கும், அதுக்குத்தான். புது மெசினிலயும் அப்பிடிச் செய்யப் பார்த்தார். சொப்ட்வெயார்ர மூலத்தை, அதை எழுதின வரிகளை, கம்பனி குடுக்கல. வேற பல்கலைக்கழகத்தில அது வெச்சிருந்த ஆள்ட்ட நேர போய்க் கேட்டார், தரமாட்டன் எண்டு கம்பனிக்கு எழுதிக் குடுத்திட்டன் எண்டுட்டார் அவர். அந்தக் கோவம் மனசில கிடந்து, 1983 செப்டம்பரில குனூ திட்டம் எண்டு, ஆரும் மூலத்தைப் பார்த்து மாத்தக்கூடிய சொப்ட்வெயார் செய்யிற வேலையை அறிவிச்சார். 1991இல பின்லாந்துப் பொடியன் லினஸ் டோர்வால்ட்ஸ், மூலத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி, கொம்பியூட்டரை ஓட்டுற லினக்ஸ் எண்ட அடிப்படைச் சொப்ட்வெயாரை எழுதினார். இண்டைக்கு நீங்க எல்லாரும் கையில வெச்சிருக்கிற அண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது அந்த லினக்ஸ்தான். கடதாசி சிக்கினதில தொடங்கின கதை. ஸ்டோல்மன்ட எல்லாக் கதைக்கும் நான் தலையாட்ட மாட்டன், பிடிவாதக்காரன், அது எனக்கே அறுபது வயசில விளங்குது.

இனி 2018. தம்பி, அதை வேற ஆரும் சொன்னா விட்டிரிப்பன். அம்பாறையில என்ன நடந்தது? பெப்ரவரி 26 ராவு, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில சாப்பாட்டுக்குள்ள மலட்டு மருந்து போட்டிரிக்கி எண்டு கதை. பயந்து போய்த் தலையாட்டின கடைக்காரன்ட வீடியோ கை கையாப் போகுது. கடை உடையுது, பள்ளிவாசல் உடையுது. பிறகு அரசாங்கப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதிச்சுப் பார்த்தா, அது மாக்கட்டி. சாப்பாட்டில கட்டிப்பட்ட மா. அந்த வீடியோ போய்க் கொண்டிருக்கக்குள்ள திறப்பு வெச்சிருந்த கம்பனி எங்க? பிறகு கண்டிப் பக்கம் திகனையும் எரிஞ்சு, மார்ச் 7ஆம் திகதிதான் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்துக்கும் பூட்டு. ஒரு கிழமை. பேஸ்புக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாசம். ரெண்டு வருசம் பிந்தி.

அந்தக் கிழமை என்ட மகன் கட்டாரில. தாய்க்கு வைபர் இல்லாம நித்திரை இல்ல. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து வீபிஎன் எண்டு, பூட்டைச் சுத்திப் போற செயலி ஒண்டு போட்டுக் குடுத்தான், அது வேலை செய்யல எண்டு இன்னொண்டு, மறுகா இன்னொண்டு. மூணு இலவச வீபிஎன் அவட போனுக்குள்ள. எவன்ட எண்டும் தெரியாது, போற வாற எல்லாம் அவன்ட வாசலால. பூட்டினவன் நினைச்சான் சனம் அடங்கிட்டு எண்டு. சனம் வேலிக்குள்ளால போச்சு, வேலிக்கு அங்கால ஆர் நிண்டான் எண்டு பார்க்காம. 2019 ஏப்ரலில, நம்மட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்ச அண்டைக்கும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியில ஆர், உயிரோட ஆர் எண்டு தேடுற நேரம் வட்ஸ்அப் இல்ல. எனக்கு அண்டைக்கு வந்த கோவம் இன்னும் ஆறல. வதந்தி ஓடும் எண்டு பூட்டினாங்க, சரி. தேடுற சனத்துக்கு என்ன வழி வெச்சாங்க?

நிந்தவூர் தம்பி:

மாக்கட்டி வீடியோ எனக்கும் வந்த அண்ணன். ஒரே ராவில மூணு பேர் அனுப்பினாங்க. மூணு பேரும் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்.

கல்லடிக் கடைக்காரன்:

2018 விசயத்தில என்ட சொல்லைத் திருப்பி எடுக்கிறன் அண்ணன். 2019இல நாங்களும் ஆஸ்பத்திரி வாசலிலதான் நிண்டம்.

ஆனா பிரிண்டர் பூட்டு விசயத்தில நான் மாறல, மை வழிஞ்ச மேசையை நீங்க துடைக்கல்ல.

டீச்சர், என்னட்ட பாவிக்காத கீ ஒண்டு கிடக்கு, உங்கட மொடலுக்குச் சரியா எண்டு வரக்குள்ள பார்ப்பம். பஞ்சு கழுவிக் காயவெச்சுப் பூட்டிக் கொண்டு வாங்க, 500 தாங்க. லப்டொப் வேணாம், என்ட கொம்பியூட்டரிலயே செய்யலாம். நீங்க பக்கத்தில இருந்து பாருங்க.

ஈயமுருக்கி:

500 நியாயம். போங்க டீச்சர். நான் கீ விக்கிறவனைத் திட்டல, கீயைச் செய்து ஒளிச்சு வெச்சவனைத்தான்.

போகக்குள்ள டாங்கி மூடி எல்லாம் இறுக்கமா எண்டு பார்த்து, மடியில மட்டமா வெச்சுக் கொண்டு போங்க. களுவாஞ்சிக்குடியில இருந்து வாற பஸ்காரன் பிரேக் அடிச்சா உங்கட சாறி சிங்கக்கொடி நிறமாகும்.

கேக்க மறந்திட்டன், வினாத்தாள் எந்த எழுத்தில அடிக்கிறீங்க? பாமினி எழுத்துருவா?

களுதாவளை டீச்சர்:

பாமினிதான் அண்ணன், எல்லாரும் அதிலதானே அடிக்கிறம். அதுவும் பிழையா?

நேற்று மகன் தட்டைக் கழட்டிட்டான். நீங்க சொன்ன தொதல் வகைதான், பாதிக்கு மேல கறுப்பு. கிணத்தடி முழுக்க நீலமும் கறுப்பும், மாமி வந்து பார்த்துட்டு ஆருக்கு என்ன நடந்த எண்டு கத்திட்டா. கெதியா வெளுக்கட்டும் எண்டு சோப்புத்தூள் போட்டு அலசினம். இப்ப கொடியில காயுது. சனிக்கிழமை விடியக் கல்லடிக்கு வாறன்.

ஈயமுருக்கி:

சோப்பா! நுரை வராம நிக்கும்வரை வெறும் தண்ணியில இன்னும் ரெண்டுதரம் அலசுங்க. சோப்பு மிச்சம் நிக்கப்படாது.

பாமினியைப் பற்றி ஏசினா இரவாகும், சுருக்கமாச் சொல்றன். பாமினியில அடிச்ச வினாத்தாளை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தா வெறும் இங்கிலீசு எழுத்துக் குப்பை. போனில வாசிக்கேலா, கூகிளில தேடேலா. பத்து வருசத்துக்குப் பிறகு உங்கட வினாத்தாளை உங்களுக்கே திறக்கேலாமப் போகலாம். அதுவும் ஒரு பூட்டுத்தான், இதைக் கம்பனி போடல, நாமளே போட்டது. எல்லாக் கருவியிலயும் வாசிக்கக்கூடிய யுனிகோட்டுக்கு மாறுங்க. மாத்தித் தாற கருவி இணையத்தில சும்மா கிடக்கு, பழைய தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம். தாள் அடிக்கிற லிப்ரே ஒபிஸ் சொப்ட்வெயாரும் சும்மாதான். மகனைக் கொண்டு செய்விங்க, ஸ்க்ரூ கழட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு இது பெரிய வேலை இல்ல.

பஞ்சுத் துண்டுகள் கிடந்த ஒழுங்கு படம் எடுத்தீங்களா? பிழையா அடுக்கினா டியூப் வாய் அடைபடும்.

களுதாவளை டீச்சர்:

படம் எடுத்தம் அண்ணன். அது காணாதெண்டு மகன் பென்சிலாலயும் வரைஞ்சு, நாலு துண்டுக்கும் இலக்கம் போட்டு, அந்தச் சின்ன மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கான்.

ஈயமுருக்கி:

எதால ஒட்டினான், செலோடேப்பா? கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஊரில செலோடேப் ஒரு மாரி தாண்டாது. கோந்து பூசி ஒட்டச் சொல்லுங்க.